காலியாக வந்த படுக்கை

மகளே,

நீ மறந்து வைத்துவிட்டுப் போன ஹெட்போன் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. உன் அம்மா அதைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றிப் பார்சலுக்குத் தயாராக வைத்திருக்கிறாள். அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் தொடங்கியதும் நீ, “அப்பா, ஒரு கால் வருது, அப்புறம் பேசுறேன்” என்பாய். நானும் “சரிம்மா” என்பேன். அதோடு இன்னொரு வருடம் போய்விடும். இதை நீ படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் உனக்குக் கீழே புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். இதில் மறைக்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைப் பதினைந்து வருடம் மறைத்தாயிற்று.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது, போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, நோயாளிகளின் வீட்டாரோடு போனில் பேசும் உன் ஆஸ்பத்திரி வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் ஹெட்போனில் சார்ஜ் இல்லை என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய். மறுமுனையில் இருந்தவர் திருவாரூர் பக்கத்துக்காரர். அவருடைய அம்மாவுக்கு அடுத்த மாதம் உங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “சார், நான் ஏற்கெனவே மென்ஷன் பண்ணேன். ப்ரீ-ஆப் அசெஸ்மென்ட் கம்ப்ளீட் ஆனாத்தான் டேட் கன்ஃபர்ம் ஆகும். பிளட் தின்னர் ஸ்டாப் பண்றதுக்கு கார்டியாலஜி கிளியரன்ஸ் வாங்கி போர்ட்டல்ல அப்லோட் பண்ணிடுங்க. ஓகேங்களா சார்?” உன் குரலில் எரிச்சல் துளியும் இல்லை. இரண்டு முறை ‘சார்’ வந்தது. அவர் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிங்க மேடம்” என்றார். நீ நன்றி சொல்லி வைத்தாய்.

“பாத்தீங்களா, எவ்வளவு பொறுமையா பேசினேன்?” என்று எங்கள் பக்கம் திரும்பினாய். கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, “பொறுமையாத்தான் பேசுன. எனக்குத்தான் ஒண்ணும் புரியல” என்றாள். “உனக்கு எதுக்கும்மா புரியணும், உனக்கா ஆபரேஷன்?” என்று நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். நான் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். “என்னப்பா, பிடிக்கலையா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாய். “ஒண்ணுமில்ல” என்றேன். அது பொய். அந்த மனிதர் சொன்ன ‘சரிங்க’வை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதே இடைவெளி, அதே பணிவு. மொழி மட்டும் வேறு.

நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகம் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல் இருந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வந்து, அச்சாகாத தாள்களின் பின்பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதுவாய். துறைமுகமும் கப்பல்களும் என் பொறுப்பு. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எப்போது மெயின்லேண்டுக்குப் போகிறது, எது ரத்து, எது தாமதம் என்பதைத் தினமும் கேட்டு எழுத வேண்டும். நம் தீவுகளில் பலர் தலைப்புச் செய்தியைப் படிக்காமல் அந்தக் கப்பல் நேரக் கட்டத்தை மட்டும் படித்துவிட்டுத் தாளை மடிப்பார்கள். அதில் ஒரு மணி நேரம் பிசகினாலும் யாரோ ஒருவர் மூட்டை முடிச்சோடு ஹேடோ துறைமுகத்தில் வெயிலில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் அச்சுக்குப் போகும் முன் மூன்று முறை சரிபார்ப்பேன். அந்தக் கட்டத்தில் என்னால் தவறு வந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

பத்திரிகை தெற்கே உள்ள தீவுகளுக்குக் கப்பலில்தான் போகும். போய்ச் சேரும்போது செய்தி பழசாகியிருக்கும். ஆகவே அங்கிருப்பவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதும் என் வேலையானது. நான் எல்லோருக்கும் இந்தியில் பதில் சொல்வேன். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று யார் கூப்பிட்டாலும் இங்கே பொதுவாகப் புழங்குவது இந்திதானே, அதில் தப்பில்லை. தமிழர் கூப்பிட்டாலும் இந்தியிலேயே பேசினேன். அதற்குக் காரணம் வேறு.

தமிழில் பேசினால் ஒட்டிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. ‘எந்த ஊரு சார்?’ என்று கேட்பார்கள். ஊர் தெரிந்ததும் நான் ‘அண்ணே’ ஆகிவிடுவேன். அண்ணன் ஆனதும் ஹேடோவில் கப்பலில் வரும் மாமியாரைக் கூட்டிவந்து ஆட்டோ ஏற்றிவிட வேண்டும். ஒருமுறை ஹட் பேக்குக் கப்பலேற வந்த ஒருவர், “அண்ணே, ஒரு நிமிசம் பிடிங்க, டிக்கெட்ட வீட்லயே விட்டுட்டேன்” என்று என் கையில் ஒரு கூடையைக் கொடுத்துவிட்டு ஓடினார். உள்ளே மூன்று கோழிகள். இரண்டு மணி நேரம் நான் அந்தக் கூடையோடு கப்பல்துறையில் நின்றதைப் பார்த்த துறைமுக அதிகாரி, பல மாதம் என்னை ‘முர்கிவாலா’, கோழிக்காரன், என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு இந்தியை ஒரு கதவு மாதிரி சாத்திக்கொண்டேன். உன் அம்மா கிண்டல் செய்வாள்: “வீட்ல தமிழு, ஆபீஸ்ல இந்தி, ஆபீசருங்ககிட்ட இங்கிலீசு. உங்களுக்கு மூணு வாய்.” மரியாதைக் குறைவாக ஒருவரிடமும் பேசியதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஜி’ இருக்கும். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.

நீ சென்னைக்குக் கல்லூரியில் சேரப் போன வருடம், கச்சால் தீவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். “வணக்கமுங்க. கச்சால்லேருந்து மாரிமுத்து பேசுறேனுங்க. ரப்பர் தோட்டத்துல வேல” என்று தமிழில்தான் தொடங்கினார். பேச்சைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்து கச்சாலில் குடியேறிய குடும்பங்களின் தமிழ் அது. மகளுக்கு மெயின்லேண்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சென்னைக் கப்பல் அடுத்த வாரம் சனிக்கிழமைதானே என்று கேட்டார். நான், “ஹாஞ்சி, போலியே” என்றேன், சொல்லுங்கள் என்று. அவர் தடுமாறினார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அதையே திரும்பக் கேட்டார். ஆமாம், சனிக்கிழமை என்று இந்தியில் சொன்னேன். சுற்றி யாருமில்லாத ஒரு போன் பேச்சில், இரண்டு தமிழர்கள், ஒருவருக்குச் சொந்தமில்லாத, இன்னொருவருக்குத் தெரியாத ஒரு மொழியில் மரியாதை பரிமாறிக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி கூப்பிட்டார். அன்று காலைதான் திட்டம் மாறியிருந்தது. வானிலை மோசமாகப் போகிறது என்று சென்னைக் கப்பலை முன்னுக்கு இழுத்திருந்தார்கள். சனிக்குப் பதில் வியாழன் காலை. கச்சாலிலிருந்து அந்த வாரம் போர்ட் பிளேருக்கு இரண்டு கப்பல்கள். ஒன்று செவ்வாய்க்கிழமை இங்கே வந்து சேரும், மற்றது வெள்ளிக்கிழமை. செவ்வாய் வருவதைப் பிடித்தால்தான் சென்னைக் கப்பல் கிடைக்கும். இதை நான் அவரிடம் சொன்னேன். இந்தியில், ஒரே மூச்சில், இன்னொரு போனும் அடித்துக்கொண்டிருக்க, ‘ரிவைஸ்டு புரோகிராம்’, ‘கனெக்டிங்’ என்றெல்லாம் போட்டுச் சொன்னேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஜகாஸ் ஹே நா சார்?” என்று கேட்டார். கப்பல் இருக்கிறதுதானே? “ஹாஞ்சி, ஹே” என்றேன். “டீக் ஹே சார்” என்றார். சரிங்க சார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து உன்னிடம் நான் அதே செய்தியைச் சொன்ன விதம் உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு தாளில் பெரிய எழுத்தில் ‘வியாழன். காலை எட்டு மணி. ஹேடோ’ என்று எழுதி பீரோக் கதவில் ஒட்டினேன். பழைய டிக்கெட்டில் இருந்த தேதியைச் சிவப்பு மையால் அடித்தேன். “எப்போ கப்பல், சொல்லு?” என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை நீ, “அப்பா, நான் என்ன எல்கேஜியா?” என்று கத்தினாய். எப்படிச் சொன்னால் ஒருவருக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே நாளில், ஒரே செய்தியை, ஒருவருக்குச் சேரும்படியும் இன்னொருவருக்குச் சேராதபடியும் சொன்னேன்.

வியாழக்கிழமை உன்னை வழியனுப்பினோம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்திறங்கி, சென்னைக் கப்பல் போய்விட்டதை அறிந்த மாரிமுத்து, மதியம் மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான் கீழே பார்த்து, டீக்கடைக்காரரிடம் “அண்ணே, ஒரு டீ, சக்கர கம்மியா” என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன், அவர் வாசலில் நிற்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் உன் வயதுப் பெண், கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். “ஐயாவுக்குத் தமிழ் வருமுங்களா?” என்பதுதான் அவர் என்னிடம் நேரில் கேட்ட முதல் கேள்வி. அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“செவ்வாய்க்கிழமை கப்பலப் பிடிங்கன்னு அவ்வளவு சொன்னேனே” என்றேன். பிழை என்மேல் இல்லை என்று நிறுவுவதுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

“கப்பல் இருக்குன்னு சொன்னது வெளங்குச்சுங்க. மத்தது வெளங்கலீங்க.”

“வெளங்கலன்னா கேக்க வேண்டியதுதானே? டீக் ஹே, டீக் ஹேன்னீங்களே!”

“பெரியவுக சொல்றப்ப வெளங்கலன்னு எப்பிடிங்க சொல்றது? தோட்டத்துல தொர என்ன சொன்னாலும் சரிங்கன்னுதாங்க சொல்லுவோம். எங்கப்பா அப்பிடித்தான், நானும் அப்பிடித்தான். மொதத் தடவ தமிழ்லதாங்க கேட்டேன். ஐயா இந்தியில பேசுனீங்க. அதுலயே பதில் சொல்றதுதான் மரியாதன்னு…”

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. அவள் பெயர் புவனா. “எனக்கு இந்தி நல்லா வரும் சார். பன்னெண்டு வருசம் அதுலதான் படிச்சேன். சிக்னலுக்காக மேட்டுல ஏறிப் பேசணும். ஆபீசருங்ககிட்ட பேசுற விசயம், நான் பேசுறேன்னு அப்பா ஒத்தையாப் போயிட்டாரு” என்றாள். அழவில்லை. உறையின் ஓரத்தை மட்டும் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். 

விமானத்தில் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்டுப் பார்த்தேன். கல்லூரிகள் திறக்கும் நேரம், அந்த வாரம் முழுக்க இடமில்லை. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள். புதன்கிழமைக்குள் அசல் சான்றிதழோடு நேரில் வர வேண்டும் என்பது கல்லூரியின் நிபந்தனை. அங்கே போன் போட்டு, இந்த முறை தமிழில் கெஞ்சினேன். காத்திருப்போர் பட்டியலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நயமாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். மாரிமுத்து என்னைக் கும்பிட்டு, “ஐயாவுக்கு ரொம்ப செரமம் குடுத்துட்டோம்” என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். டீ வந்தபோது அவர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போன் செய்தாய். கடல், வாந்தி, பருப்பில்லாத சாம்பார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, “அப்பா, எனக்கு மட்டும் லக்கு! எதிர் படுக்கைக்கு ஆளே வரல. மூணு நாளும் என் பெட்டி, பை எல்லாத்தையும் அதுல பரப்பி வச்சுக்கிட்டேன்” என்றாய். நான், “நல்லதும்மா” என்றேன். அந்தப் படுக்கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அன்று எத்தனையோ பேர் கப்பலைத் தவறவிட்டிருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவது என் தொழிலில் குற்றம். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு முறை உன்னைக் கப்பலேற்ற ஹேடோவுக்கு வந்தபோதும், எனக்கு உன் பெட்டி அந்தப் படுக்கையில் கிடப்பதுதான் தெரிந்தது.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். போனில் சொன்னதற்குத் திருத்தம் போட இடமில்லை. நான் தவறாக எதுவும் சொல்லவும் இல்லை, அதுதான் என்னை வெகுகாலம் காப்பாற்றியது. சரியான நாள், சரியான கப்பல், மரியாதையான சொற்கள். இவ்வளவும் இருந்தும் ஒருவருக்கு ஒன்றும் போய்ச் சேராமல் இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. மரியாதை என்று நான் நினைத்தது பாதிக்குமேல் என்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த தூரம். அவர் மரியாதை என்று நினைத்தது, கேட்கப் பயந்த பயம். இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் கோபம் வராது. பேச்சு வழுக்கிக்கொண்டு சுமுகமாகப் போகும். அப்படிச் சுமுகமாகப் போகிற பேச்சைத்தான் நீ சந்தேகப்பட வேண்டும். கோபப்பட்டுக் கத்துகிறவரைப் பற்றிக் கவலை வேண்டாம். அவருக்குப் புரியவில்லை என்பதை அவரே சொல்லிவிடுகிறார்.

புவனா மறு வருடம் விண்ணப்பிக்கவில்லை. கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்கு வந்தாள். மாரிமுத்து இறந்துபோனார். இந்த இரண்டையும் நாலு வருடத்துக்கு முன்பு ஒரு கச்சால்காரர் சொல்லித் தெரிந்தது. அவள் அபர்டீன் பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்பதையும் அவர்தான் சொன்னார். அது நான் பிரஷர் மாத்திரை வாங்குகிற கடை. அன்றிலிருந்து அந்தக் கடையைத் தாண்டி, மேடேறி, மூச்சு வாங்க அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். “பக்கத்துலயே கடை இருக்க, இந்தக் கால்வலில அங்க எதுக்கு?” என்று உன் அம்மா கேட்டால், அங்கே சரக்குப் புதிது என்பேன்.

நீ ஊருக்குப் போன மூன்றாம் நாள் நான் அந்தக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு வங்காளி அம்மாள் நின்றார். புவனா அவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி இந்தியில் நிதானமாகச் சொன்னாள். சொல்லி முடித்து, “அப் ஆப் போலியே, மாசி” என்றாள். இப்போது நீங்கள் சொல்லுங்கள், சித்தி என்று. அந்த அம்மாள் மாற்றிச் சொன்னார். புவனா சிரித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் முறை வந்தது. சீட்டை நீட்டிவிட்டு, “கச்சால் மாரிமுத்து மக புவனாதானேம்மா?” என்றேன்.

“ஆமா. அப்பாவத் தெரியுமா?”

“நான் பேப்பர் ஆபீஸ்ல இருந்தவன். கப்பலப் பத்திக் கேட்டு அப்பா போன் பண்ணது எனக்குத்தான். அவருக்குத் தமிழ்லயே சொல்லியிருக்கணும். வேணும்னுதான் சொல்லல. தப்பு என்மேலம்மா.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது. “நீங்கதானா அது” என்றாள். மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். “அப்பா கடைசி வரைக்கும் உங்கள ஒரு வார்த்த சொன்னதில்ல. ரெண்டு தடவையும் ஐயா போன எடுத்தாரு, மரியாதையாப் பேசுனாரு, எனக்குத்தான் வெளங்கலன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

“நீங்க?”

“நானா? நான் உங்களத்தான் சொல்லிட்டிருந்தேன்.” 

வருத்தமோ கோபமோ கலக்காமல் அதைச் சொன்னாள். நான் தலையாட்டினேன். பதினைந்து வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொன்னதில்லை. அவள் மாத்திரைகளை நறுக்கிக் கவரில் போட்டாள். “டாக்டர் ஒண்ண மாத்தியிருக்காரு. இந்தச் சின்னது காலையில, வெறும் வயித்துல. இது மதியம் சாப்பிட்டப்புறம். வீட்ல பழைய சிவப்பு மாத்திர மிச்சம் இருந்தா இனிமே போடாதீங்க.”

“சரிங்க” என்று கவருக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“சரிங்க வேணாம் சார். திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னேன். மதியத்தையும் காலையையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். மறுபடி சொல்லித் தந்தாள். இரண்டாவது முறை சரியாகச் சொன்னதும்தான் கவர் என் கைக்கு வந்தது. அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் சொல்லாததை இங்கே எழுதவும் மாட்டேன்.

திருவாரூர்க்காரரின் அம்மாவுக்கு ஆபரேஷன் அடுத்த மாதம்தானே? இந்தப் பார்சல் உன் கைக்கு வரும்போது இன்னும் நாள் இருக்கும். ஹெட்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முதலில் அவரைக் கூப்பிடு. எடுத்ததும் எதையும் விளக்காதே. “அன்னிக்கு நான் சரியாச் சொல்லல” என்று தொடங்கு. அம்மாவின் எந்த மாத்திரையை, யாரைக் கேட்டு, எப்போது நிறுத்தப்போகிறார் என்று கேள். அவர் தன் வாயால் சொல்லட்டும். எவ்வளவு நேரமானாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு. 

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுது.

உன் அப்பா